ஓ'பிரையன் என்றால் யாருடைய பேரன்?

போன வாரம் தாம்பரத்துல பீச் லோக்கல் ஏறினேன். பல்லாவரத்துல என் காலேஜ் தோழி ஏறினா. அவ அம்மா ஆங்கிலோ இந்தியர். கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க பேருக்குப் பின்னால ஓ'பிரையன் இருந்தது. அப்பா தமிழர். "கானன் ஓ'பிரையன் உங்க சொந்தமாடி?"ன்னு வழக்கம்போல கிண்டல் பண்ணினேன். கிண்டி வர்றதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிடுச்சு.

முதல்ல அந்தப் பெயர். ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றால் பேரன். 1014-ல் க்ளாண்டார்ஃப் போரில் இறந்த அரசர் பிரையன் போருவின் வம்சத்தார் வைத்துக்கொண்ட பெயர் இது. நம்ம ஊர்லயும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பாங்க; பெயரன்தானே பேரன்? ஆனா நமக்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் இனிஷியல் மாறிடும். அவங்க ஆயிரம் வருஷமா ஒரே தாத்தாவை விடவே இல்லை.

2011 உலகக் கோப்பையில், பெங்களூரில் 50 பந்தில் சதம் அடிச்சு இங்கிலாந்தைத் தோற்கடிச்ச அயர்லாந்துக்காரர் கெவின் ஓ'பிரையன். அன்னிக்கு முடியெல்லாம் பிங்க் கலர்! கொல்கத்தாவில் 1967-ல் பொது வினாடி வினா நடத்தி, இந்தியாவுக்கே அந்தப் பழக்கத்தைக் காட்டியவர் நீல் ஓ'பிரையன். 1996-ல் ஆங்கிலோ இந்தியர்களுக்கான நியமன உறுப்பினராக மக்களவைக்குப் போனார். அவர் மகன் டெரெக்கை போர்ன்விட்டா குவிஸ்ல பார்த்திருப்பீங்க, அப்புறம் மாநிலங்களவையில.

இவங்க எல்லாருக்கும் இந்தப் பெயர் அப்பா வழியில் வந்தது. என் தோழிக்குச் சிக்கலே அங்கதான். அரசியலமைப்பின் 366(2) பிரிவுப்படி, அப்பாவோ அப்பா வழி ஆண் முன்னோர் ஒருத்தரோ ஐரோப்பிய வம்சமா இருந்தாத்தான் ஒருவர் ஆங்கிலோ இந்தியர். அம்மா வழி கணக்கில் வராது. நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிஞ்சுபோச்சு. இந்த வரையறை அப்படியே இருக்கு.

"நான் வளர்ந்தது பாட்டி வீட்லடி. கிறிஸ்துமஸுக்கு மஞ்சள் சோறும் கறி உருண்டைக் குழம்பும் இப்போ நான்தான் செய்றேன். மாமா பையனுக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியாது. அவன் ஆங்கிலோ இந்தியன், நான் இல்லையாம்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

போன மாசம் இன்ஸ்டாவுல தன் பேருக்குப் பின்னால ஓ'பிரையன்னு சேர்த்திருக்கா. "அது உன் பேர் இல்லையேம்மா"ன்னாராம் மாமா. பாட்டி விடல: "ஏன்டா, அவ உங்க அப்பாவோட பேத்திதானே?"

சைதாப்பேட்டை வந்துடுச்சு, இறங்கிட்டா.