முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின்: வீரனும் வீராங்கனையும்



கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னி மாவட்டங்களின் பாடசாலை மைதானங்களில் மாலைவேளைகளில் மாணவரோடு மாணவியரும் பந்தாடுகின்றனர். ஆட்டம் உள்ள இடத்திற் காயமும் உண்டு. அக்காயங்களுள் ஒருவரது விளையாட்டு வாழ்வையே நிறுத்திவிடக்கூடியது, முழங்காலின் நடுவேயுள்ள முன்குறுக்குப் பிணைநார் அறுந்துபோதலாகும்.

தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்து, மூட்டு நழுவாமலும் முறுகாமலும் காப்பது இந்நார். எதிராளி வந்து மோதினாற்றான் இது அறும் என்பதில்லை. துள்ளியெழுந்து ஒற்றைக் காலில் இறங்கும்போதோ, ஓட்டத்திற் சடுதியாகத் திரும்பும்போதோ தானே அறுந்துவிடுவதுண்டு. வலைப்பந்தாட்டத்திற் பந்தைப் பற்றியவர் அதனுடன் ஓடலாகாது. வந்த வேகத்திலேயே நின்றாக வேண்டும். அவ்விதி முழங்காலுக்கு எத்துணைச் சோதனை என்பதை ஆடியவரே அறிவர். உதைபந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இக்காயம் இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக நேர்கின்றது. இடுப்பெலும்பின் அகலம், சுரப்புநீர், தொடைத் தசையின் வலு எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன; அவற்றுள் எது முதன்மையானது என்பதில் மருத்துவரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை.

அறுந்த நார் தானாகக் கூடுவது அரிது. ஆகவே சத்திரசிகிச்சை நிபுணர் முழங்காற் சில்லின் கீழிருந்தோ பின்தொடையிலிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, பழைய நாரின் இடத்திற் பொருத்துகின்றார். இம்முறை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பொருத்திய நார் மீண்டும் அறும் வீதத்திலும், ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இருபாலாரிடையே பெரிய வேற்றுமை இல்லை.

வேற்றுமை தோன்றுவது அதன் பின்னர்தான். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு 81 பேர் ஏதேனுமொரு விளையாட்டுக்குத் திரும்பினர். முன்னிருந்த தரத்துக்குத் திரும்பியோர் 65 பேர். போட்டிகளுக்கு மீண்டோர் 55 பேரே. இவ்வாறு மீளும் வாய்ப்பு ஆண்களுக்கே கூடுதலாக இருந்தது. தம் முழங்காலின் நிலையைத் தாமே மதிப்பிடும்போதும் பெண்கள் குறைவாகவே மதிப்பிடுகின்றனர்.

இதனை உடலமைப்பின் விதியென்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயமுற்று மேடையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார். 2018இல் ஆசிய விளையாட்டு விழாவிற் பொற்பதக்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் மறுபடியும் முழங்காலிற் சத்திரசிகிச்சை. ஓராண்டு நிறையுமுன், 2024 ஆகஸ்டிற் பாரிசில் இறுதிப் போட்டி வரை முன்னேறினார். உடல் எடை சிறிது கூடியதால் அப்போட்டியில் இறங்க இயலாது போனமை வேறு கதை. பிரேசில் நாட்டு உதைபந்து வீரர் நெய்மார் 2023 ஒக்டோபரில் இதே நார் அறுந்து, ஓராண்டின் பின்னரே களத்திற்கு வந்தார். இருவருக்கும் பயிற்சியாளரும் வைத்தியரும் ஓய்வும் கிடைத்தன என்பதை மறத்தலாகாது.

வன்னிக் கிராமமொன்றின் மாணவிக்கு இவற்றுள் எது கிடைக்கும்? காயமுற்ற மகன் கட்டிலிற் காலை நீட்டியிருப்பான். தாய் சோறு கொண்டுபோய்க் கொடுப்பாள். மகளோ, ஊன்றுகோலை விட்ட மறுவாரமே கிணற்றடியில் நிற்பாள். நீர் நிறைந்த வாளியுடன் பாதத்தை ஊன்றியவாறு உடலைத் திருப்புவதும், அடுப்படியிற் குந்தியிருப்பதும் புதிய நாருக்குப் பகையான அசைவுகள். போரின் பின்னர் தாயொருத்தியே தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கு பல. அங்கே மூத்த மகளின் கைகள் ஓய்ந்தால் வீடே ஓய்ந்துவிடும். அத்தாயைக் குறை சொல்வதற்கில்லை. "இனி விளையாட்டு எதற்கு, பிள்ளை?" என்று கேட்கும் அயலாரைத்தான் சற்றுக் கடிந்துகொள்ள வேண்டும். மகனைப் பார்த்து அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை.

பொருத்திய நார் முதல் மாதங்களில் வலுக்குன்றி, பின்னரே மெல்ல மெல்ல உறுதி பெறுகின்றது. வலி நீங்கியது கண்டு குணமாயிற்றென எண்ணுவது பெரும் பிழை. 2016இல் வெளியான நோர்வே ஆய்வொன்றின்படி, ஒன்பதாம் மாதம் வரை களத்துக்குத் திரும்பாமற் பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயமுறும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றது. அம்மாதங்களில் தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இடையறாது நடைபெறல் வேண்டும். அதற்காக முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் பேருந்திற் போய்வருவதென்றால் ஒரு பகல் முழுதும் கழிந்துவிடும். துணைக்கு வருபவரின் நாட்கூலியும் போய்விடும். ஆயின் உடற்பயிற்சி வைத்தியர் ஒருமுறை காட்டிக் கொடுத்தவற்றுட் பலவற்றை வீட்டு விறாந்தையிலேயே செய்யலாம். எப்போது எதைத் தொடங்குவதென்பது அவர் சொற்படி.

களத்துக்குத் திரும்புமுன் செய்யும் சோதனைகளுள் ஒன்றுக்கு அளவுநாடா மட்டும் போதும். வைத்தியர் இசைவு தந்த பின், நல்ல காலால் ஒருமுறை தாவி அத்தூரத்தை அளத்தல்; பிறகு சிகிச்சை பெற்ற காலால் தாவி அளத்தல். பின்னது முன்னதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது இருத்தல் வேண்டும். எண்பது பங்கெனில், மாணவனாயினும் மாணவியாயினும், பயிற்சி இன்னும் சில வாரங்கள் தொடரும்.