தோற்ற பிறகு யாரைக் கை காட்டுவது?



தலைமைப் பண்பு பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அந்தத் தலைப்பில் பேச எனக்கு வயது போதாது. அதனால் கால்பந்து பற்றிப் பேசுகிறேன். இரண்டும் ஒன்றுதான் என்பது முடிவில் தெரியும்.

ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் போனால் பெங்களூர் கண்டீரவா அரங்கம். 2023-ல் தெற்காசியக் கோப்பைப் போட்டி அங்கேதான் நடந்தது. இந்திய அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். பாகிஸ்தான் வீரர் எறியப்போன பந்தைத் தட்டிவிட்டு சிவப்பு அட்டை வாங்கினார். குவைத்தோடு ஆடிய லீக் ஆட்டத்தில் மறுபடியும் சிவப்பு அட்டை. அரையிறுதி, இறுதி இரண்டிலும் அவர் களத்தோரம் நிற்க முடியவில்லை. அணியை நடத்தியவர் உதவிப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி. இரண்டு ஆட்டமும் பெனால்டி வரை போய், கோப்பை நமக்கு வந்தது. தலைவர் செய்த தவறின் சுமையை அன்று உதவியாளர் சுமந்தார்.

அடுத்த வருடம் காற்று மாறியது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பை: மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. அவர்களின் முன்னணி வீரர்கள் பலர் சொந்தச் சம்மேளனத்தோடு சண்டை போட்டு வராத நேரம் அது. ஜூனில் கத்தாரிடமும் 1-2. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை விட்டு வெளியேறினோம். ஜூன் 17-ல் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். பிறகு பத்திரிகையாளர்களிடம் அவர் சம்மேளனத் தலைவரையும் நிர்வாகத்தையும் குற்றம் சாட்டினார்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2023 ஆசிய விளையாட்டுக்கு அணி ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் போய்ச் சேர்ந்தது, சீனாவிடம் 1-5. கத்தார் போட்ட முதல் கோலில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது. இதெல்லாம் ரசிகனுக்கும் தெரியும். ஆனாலும் நம்பிக்கை போய்விட்டது. ஏன்? மூன்றாம் சுற்றுக்குக் கொண்டுபோகாவிட்டால் விலகுவேன் என்று சொன்னவர் அவரே. அணி வெளியேறியது, அவராக விலகவில்லை. நிர்வாகத்தின் கணக்கை அவர் நீளமாகப் படித்தபோது, ரசிகன் கேட்க நினைத்தது ஒன்றுதான்: "சரிங்க சார், உங்க பங்கு எவ்வளவு?"

இதே காட்சியை ஓசூர், கிருஷ்ணகிரி சிப்காட் கம்பெனிகளில் பார்க்கலாம். அங்கே விரல் மேலே போகாது, கீழேதான் போகும். ரிஜெக்ஷன் கூடினால் மேனேஜர் மீட்டிங்கில், "சூப்பர்வைசர் கவனிக்கலை" என்பார். சூப்பர்வைசர் ஆபரேட்டரைச் சொல்வார். ஆபரேட்டர், "புது டிரெய்னி சார்" என்பான். கடைசியில் மாட்டுவது போன மாதம் சேர்ந்த பையன். அவன் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறான்: அடுத்த முறை அளவு தப்பினால் சொல்லக்கூடாது, பீஸை நல்ல பீஸோடு கலந்துவிட வேண்டும். அது வண்டியில் ஏறி ரோட்டுக்குப் போகிறது. பழியைக் கீழே தள்ளுவதன் உண்மையான செலவு இதுதான்.

ஒரு கோளாறுக்கு ஐந்து முறை "ஏன்" கேட்கச் சொல்கிறது ஜப்பானியர் முறை. நாம் ஒரே முறை "யார்" என்று கேட்டு ஃபைலை மூடிவிடுகிறோம்.

மேனேஜராக இருக்கும் நண்பர்களே, உங்கள் பையனைத் திருத்த வேண்டுமா, தனியாகக் கூப்பிட்டுத் திருத்துங்கள். மீட்டிங்கில், "என் லைன், என் பொறுப்பு" என்று சொல்லுங்கள். தம்பி, தங்கைகளே, வேலைக்குச் சேர்ந்ததும் குறை கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். தோற்ற பிறகு சொல்லும் உண்மை சாக்கு போலத்தான் கேட்கும்.