மண்டபம் முகாம்
(ஆர்.கே.பேட்டைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடல் கடந்து குடியேறச் சென்றோர்க்கென எழுந்த ஒரு மனையின் வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். அஃது இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாம்.

1914ஆம் ஆண்டிலே பாம்பன் இரயில்வேப் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியினின்று தலைமன்னாருக்குக் கப்பல் ஓடலாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாட்கள் இவ்வழியே செல்லத் தலைப்பட்டனர். முகாம் இருந்த இடம் நம் நாடு. நடத்தியதோ இலங்கை அரசாங்கம். விந்தையன்றோ! கங்காணியின் பின்னே வந்தோரை, வாந்திபேதி, வைசூரி முதலிய நோய்களுக்கு அஞ்சிச் சில நாள் அங்கே தடுத்து வைத்தனர். நீராட்டினர், துணிகளை நீராவியிலிட்டெடுத்தனர், அம்மை குத்தினர், சோறுமிட்டனர். அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அந்நாளில் வழிச்செலவு ஏழையின் தலையிலே கடனாய் ஏறியது. அக்கடன் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டின்றித் தோட்டம் மாறவியலாது. 1921இலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. முன்பணம் வாங்கித் தறியோடு கட்டுண்ட குடும்பங்களிற் பிறந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1939இல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் செல்வதைத் தடுத்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையோ 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. அவர்களைக் கேட்டா பங்கிட்டனர்? பாட்டன் சென்ற மண்டபத்தின் வழியே பேரன் திரும்பினான். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அகதிகளாய் வந்தோர்க்கும் அம்முகாமே புகலிடமாயிற்று.

மண்டபம் தொலைவிலுள்ளதெனக் கருதற்க. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலேயே ஈழத்தமிழர் முகாம் உண்டு. 2021இல் இம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனத் தமிழக அரசு பெயரிட்டது. பெயர் நன்று. ஆயினும் இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை எய்தாதோர் அங்கே பலர். நம் திருத்தணி வட்டாரமும் 1960இல் ஆந்திரத்தினின்று சென்னை இராச்சியத்தில் வந்து சேர்ந்தது. எல்லைதான் பெயர்ந்ததேயன்றி நாம் ஓரடி பெயரவில்லை. நம் குடியுரிமையை எவரும் ஐயுறவுமில்லை.

நம் சங்கக் கல்வி நிதி நம் குலத்தார்க்கே உரியது என்பது விதி. கும்மிடிப்பூண்டி முகாம் மாணாக்கர் இருவர்க்கேனும் அந்நிதியினின்று புத்தகச் செலவு அளிக்கலாகுமோ என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆராயுமாறு வேண்டுகின்றோம். மறுப்போர் உளர் என்பதை அறிவோம். அவர்தம் காரணங்களைக் கேட்கவும் சித்தமாயிருக்கின்றோம்.