கெட்ட கனவு வந்தால் பயப்படாதேங்கோ
(பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தோருக்கான சந்திப்பில் எமது ஆலோசகர் ஆற்றிய உரை)



இன்றைக்கு வழக்கு, வீடு பற்றி அல்ல, இரவிலே வாற கனவைப் பற்றிக் கதைப்பம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா என்னிடம் வந்தா. 2009இல் வன்னியில் இருந்தவ. கனவிலே ஷெல் விழுது. பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடுறா. வாசலிலே பிள்ளையின் கை வழுகிப் போகுது. விடிய நாலு மணிக்குக் கத்திக்கொண்டு எழும்பியிருக்கிறா. "விடியக்காலைக் கனவு பலிக்கும் எண்டு சொல்லுவினமே, ஊரிலை பிள்ளைக்கு ஏதும் நடக்கப் போகுதோ?" எண்டு கேட்டா.

"கனவிலே பிள்ளைக்கு எத்தனை வயது?" எண்டு கேட்டன். "நாலு" எண்டா. அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. அம்மம்மாவோடு சுகமாக இருக்கிறா.

யோசித்துப் பாருங்கோ. அந்தக் கனவு நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பட்ட பயம்தான் திரும்ப வருகிறது. வெள்ளை வான், கதவைத் தட்டுகிற ஆமிக்காரர், கடலிலே படகு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கனவு. பெரிய ஆபத்தைக் கண்டவர்களுக்கு இது சாதாரணமாக வருவது. உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

விடியக்காலையில் ஏன் வருகிறது? நித்திரையின் கடைசிப் பகுதியில்தான் கனவு கூடுதலாகவும் நீளமாகவும் வரும். உடனே எழும்புவதால் ஞாபகமும் நிற்கும்.

என்ன செய்யலாம்?

எழும்பினவுடன் லைற்றைப் போடுங்கோ. காலை நிலத்தில் ஊன்றி, முகத்தைக் கழுவி, இன்றைய திகதியையும் இருக்கிற ஊரையும் வாய்விட்டுச் சொல்லுங்கோ. திருநீறு பூசுவதோ செபம் சொல்லுவதோ ஆறுதல் தந்தால் அதையும் செய்யுங்கோ.

பகலிலே அந்தக் கனவை எழுதி, முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றுங்கோ. மாற்றிய கதையைத் தினமும் பத்து நிமிடமாவது மனதில் ஓட்டிப் பாருங்கோ. இது மருத்துவர்களும் சொல்லிக்கொடுக்கிற முறை. எழுதும்போது தாங்க முடியாமல் இருந்தால் நிறுத்திவிடுங்கோ. வைத்தியரின் உதவியோடு செய்யலாம்.

ஊரில் உள்ளவர்களோடு தொடர்பே அறுந்துபோனால், பிரித்தானிய செஞ்சிலுவைச் சங்கம் உறவினரைத் தேட இலவசமாக உதவுகிறது.

கனவு தொடர்ந்து வந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கோ. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் இலவசமாகப் பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே கேளுங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விடாதேங்கோ. சாக வேணும் போல நினைப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கோ. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

உங்கள் வழக்கறிஞரிடமும் இதை மறைக்காதேங்கோ. "கனவுதானே" எண்டு பலர் சொல்லாமல் விடுகினம். நித்திரையில்லாதவருக்குத் திகதிகள் மாறிப்போகும். உள்துறை அமைச்சின் நேர்காணலில் அது பொய் போலத் தெரியலாம். முன்கூட்டியே சொன்னால் மருத்துவ அறிக்கை எடுக்க முடியுமா என்று அவர் பார்ப்பார். நேர்காணலில் இடைவேளை கேட்கலாம். பெண் அதிகாரி, பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் முன்பே கேட்கலாம்.

அந்த அம்மாவுக்குக் கனவு இன்னும் வருகிறது. முந்தி மாதிரி ஒவ்வொரு இரவும் இல்லை எண்டு சொல்லுறா. மகளுக்குப் போன் எடுத்தால் இப்போது கனவைப் பற்றிக் கேட்பதில்லை, என்ன சமைத்தாய் எண்டுதான் கேட்கிறாவாம்.