எங்கள் என்னும் சொல்

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பாலுக்கு நேர்வது ஜெபத்துக்கும் நேரக்கூடும். கிறிஸ்தவக் குடும்பங்களில் குழந்தை மழலை பேசும் பருவத்திலேயே கற்றுக்கொள்ளும் ஜெபம், இயேசுநாதர் தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபமாகும். புராட்டஸ்டண்டுச் சபையினர் அதனைப் பரமண்டல ஜெபம் என்பர்; கத்தோலிக்கர் பரலோக மந்திரம் என்று வழங்கினர். அதனைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடங்கூட ஆகாது. ஆதலால் காலையில் அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்திலும், இரவில் உறக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையிலும் நா அதனைத் தானே ஒப்பித்துவிடுகிறது. மனமோ பேருந்து நேரத்தையும் வீட்டு வாடகையையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. இந்த ஜெபத்தைப் பொருளுணர்ந்து சொல்வது எங்ஙனம், சொன்னதை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இந்த ஜெபத்தோடு ஒரு தனி உறவு உண்டு. அதன் தமிழ் வரலாற்றில் ஒரு பகுதி கேரளக் கரையிலேயே நிகழ்ந்தது. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மொழி தெரிந்த சிலரைக் கூட்டி, மிகுந்த பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாமும் மனப்பாடஞ் செய்தார். கையில் மணியை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்தார் என்பது அவர் எழுதிய கடிதத்தால் விளங்குகிறது. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரை மீனவ ஊர்களிலும் அவர் அவ்வாறே கற்பித்தார். பின்னர் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கொல்லத்தில், அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலிலும் இந்த ஜெபம் இடம்பெற்றது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றோர்க்கு, இந்த ஜெபத்தில் முதலில் கண்ணிற்படுவது ஒரு சிறு சொல். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில், கேட்பவரையும் உட்படுத்திச் சொல்லும் ‘நாம்’ என்பதற்கும், கேட்பவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை. தமிழிலோ ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மொழிபெயர்த்தோர் ‘எங்கள்’ என்றே தேர்ந்தனர். மலையாளத்தாரும் ‘ஞங்ஙள்’ என்றே கொண்டனர். இத்தேர்வு மிகப் பொருத்தமானது. கேட்பவர் கடவுள், அவருக்குப் பசி இல்லை, கடனும் இல்லை. பசியும் கடனும் உடையவர் மறுபுறம் நிற்கும் மாந்தரே. அவர்கள் அனைவரும் அந்த ஒரு சொல்லுக்குள் நிற்கின்றனர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஜெபம் முழுவதிலும் ‘நான்’ என்பதோ ‘என்’ என்பதோ ஓரிடத்திலும் வரவில்லை. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இந்த ஜெபத்துக்குச் சற்று முன்னரே, அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு வேண்டுமாறு இயேசுநாதர் கூறுகிறார். அவ்வாறு தனித்திருந்து வேண்டுபவனும் ‘எங்கள்’ என்றே சொல்லவேண்டியவனாகிறான். ஆகவே ஜெபத்தைப் பொருளுணர்ந்து சொல்ல விரும்புவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: ‘எங்கள்’ என்று சொல்லும்போது யார் யாரை உடன் சேர்த்துக்கொள்கிறோம்?

உணவு வேண்டும் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே உணவுக்கு அடைமொழியாக வரும் கிரேக்கச் சொல் மிக அரியது. கிரேக்கரின் நூல்களிலோ மக்கள் பேச்சிலோ அச்சொல் காணப்படவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்னும் அறிஞர் எழுதினார். இன்றைக்குரியது, நாளைக்குரியது, உயிர் வாழப் போதியது என்று பலவாறு பொருள் கூறுவர். எப்பொருளைக் கொண்டாலும், களஞ்சியம் நிறையக் கேட்கும் வேண்டுதலாக அது ஆகாது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர்க்கும், வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலை செய்பவர்க்கும் அன்றைய கூலியே அன்றைய உணவு. நாமும் பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்தவர்கள்தாமே? ஆகையால் காலையில் ‘எங்கள்’ உணவை வேண்டியவர், மாலையில் வேலையாளின் கூலியை நாளைக்கு வா என்று தள்ளிவைத்தல் பொருந்தாது. வேண்டுதலுக்குரிய விடையின் ஒரு பங்கு நம் சட்டைப் பையிலேயே இருக்கக்கூடும்.

அடுத்து வருவது மன்னிப்பு. மத்தேயு இதனைக் கடன் என்னும் சொல்லால் குறிக்கிறார். லூக்கா பாவம் என்கிறார். இயேசுநாதர் பேசிய அரமேய மொழியில் இவ்விரு பொருளையும் ஒரே சொல் தாங்கி நின்றது. தமிழிலும் ‘கடன்’ என்பது திருப்பிக் கொடுக்க வேண்டியதையும் செய்ய வேண்டியதையும் ஒருங்கே குறிக்கும். இந்த ஜெபத்தில் வேண்டுபவர் தம் செயலைக் குறித்தும் வாக்குக் கொடுக்கும் இடம் இது ஒன்றே. மன்னிப்புக் கேட்கும் வாயாலேயே, நாங்களும் மன்னிக்கிறோம் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது எளிதன்று. பாகப் பிரிவினைக்குப் பின் பேச்சு நின்றுபோன தம்பி, வாங்கிய பணத்தைத் திருப்பாத பழைய நண்பன், கலியாணத்துக்கு அழைக்காத சித்தப்பா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் நினைவில் உறுத்தும். தொலைவு அந்தப் பகையைத் தணிப்பதில்லை. முகம் பாராமையால் வளர்க்கவே செய்கிறது. இந்தப் பகுதி வரும்போது நா ஒரு கணம் நின்று, அப்பெயரை மனத்துள் சொல்லட்டும். மன்னிப்பது என்றால் நேர்ந்த தீங்கைத் தீங்கன்று எனல் அன்று. நியாயமான உரிமையை விட்டுவிடுதலும் அன்று. அவனும் ‘எங்கள்’ என்னும் சொல்லுக்குள் நிற்பவன் என ஒப்புக்கொள்வதே அதன் தொடக்கம்.

இத்தகைய பரந்த மனம் நடைமுறையில் கூடுமா என ஐயுறுவோர்க்கு, சவேரியார் நடந்த அதே கடற்கரை விடை தரும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை உரிய காலத்தில் கிட்டவில்லை என்ற மனக்குறை அக்கரையோரத்தில் ஆழமாக இருந்தது. ஓராண்டு நிறையுமுன், 2018 ஆகஸ்டில், கேரளத்தின் உள்நாட்டுப் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. அப்போது திருவனந்தபுரம் கடற்கரை மீனவர் பலர் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் விரைந்தனர். கடலோடிப் பழகிய படகுகள் மதில்களிலும் மரங்களிலும் மோதிச் சேதமுற்றன. மாநிலம் முழுவதிலும் மீனவர் படகுகளால் கரை சேர்ந்தவர் பல்லாயிரவர். அன்று அவர்கள் உள்ளத்தில் எந்த ஜெபம் இருந்தது என்று கூற நமக்கு உரிமையில்லை. நீரில் தவிப்பவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்டுக்கொண்டு அவர்கள் படகை நிறுத்தவில்லை என்பதை மட்டும் நாடறியும். ‘எங்கள்’ என்னும் சொல் எவ்வளவு தூரம் விரியும் என்பதை அந்நாட்களில் கண்டோம்.

நாம் செய்யத்தக்கது சிறியதே. ஜெபத்தை நாளுக்கொரு பகுதியாக நிறுத்திச் சொல்லிப் பார்க்கலாம். திங்களன்று உணவுப் பகுதியில் நின்றால், அன்றைக்குக் கொடுக்க வேண்டிய கூலி நினைவுக்கு வரும். மறுநாள் மன்னிப்பில் நின்றால், எழுதவேண்டிய கடிதம் ஒன்று நினைவுக்கு வரும். வேற்று மொழிப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் அம்மொழியிலேயே ஜெபத்தைக் கற்றுவந்தால் வருந்த வேண்டா. தாய் தமிழிலும் பிள்ளை மலையாளத்திலும் ஒரே வீட்டில் சேர்ந்து சொல்லலாம். தமிழில் அந்தச் சிறு சொல்லின் பொருளை மட்டும் ஒருமுறை பிள்ளைக்கு விளக்கி, இன்று யார் யாரைச் சேர்த்துக்கொண்டாய் என்று கேளுங்கள். பிள்ளை அதே கேள்வியை நம்மிடம் திருப்பிக் கேட்கும். அதற்கு ஒரு விடையை வைத்துக்கொள்வது நல்லது.