குனியும் முதுகு

கொல்லிமலைச் சாமைக் காடுகளில் குனிந்து களையெடுப்போரை நான் பன்முறை நோக்கியதுண்டு. முன்னே குனியும்பொழுது முதுகு மட்டும் வளைவதில்லை. கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகளும் இடுப்பு மூட்டுகள் இரண்டும் அவ்வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கீழ்முதுகில் வலி கண்டால், பலருக்குத் தசைகள் காவலாளிபோல் இறுகிக்கொள்ளும், முதுகின் வளைவு குறையும், அசைவு மெதுவாகும். ஆதலால், காட்டிலிருந்து திரும்பிய அன்னை தரையிலுள்ள குடத்தை எடுக்கத் தயங்கினால், அதனைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். நீங்களே எடுத்துக் கொடுங்கள். எனினும், அவரை நாள்கணக்கில் படுக்கையில் கிடத்துதல் நன்றன்று. இயன்ற அளவு நடமாடுதலே பெரும்பாலும் நலம் தரும். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் இடர் தோன்றினாலோ, தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.