நடிகவேள் ராதாவின் மேடையும் துப்பாக்கியும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஒரு நாடக நடிகரைப் பற்றிப் பேசுவானேன் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். பள்ளிப் படிப்பு இல்லாத நம் முன்னோருக்கு நாடகக் கொட்டகைதான் பள்ளிக்கூடமாக இருந்தது. இந்தத் திண்டுக்கல் நகரில் தோல் ஷாப்பில் உழைத்தவரும், சுற்றியுள்ள சமவெளியில் கூலிக்கு ஏர் பிடித்தவரும், கதையையும் நியாயத்தையும் மேடையிலிருந்தே கேட்டறிந்தனர். அந்த மேடையில் நின்று சாதியையும் மூடப்பழக்கத்தையும் கைகொட்டிச் சிரித்தவர் நடிகவேள் எம். ஆர். ராதா. ஆகவே அவரை நம்மவராகவே கருதி வந்திருக்கிறோம். ஆனால் அவருடைய வாழ்வில் 1967 ஜனவரி 12 என்றொரு நாளும் உண்டு. அந்த நாளை விட்டுவிட்டு அவரைப் புகழ்வதும் முறையன்று. அந்த நாளை மட்டும் சொல்லி அவரை இகழ்வதும் முறையன்று. இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே கற்றோர்க்கு அழகு.

ராதா 1907ஆம் ஆண்டு சென்னை சிந்தாதிரிப்பேட்டையைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை இராணுவ வீரர். முதல் உலகப் போரில் உயிர் நீத்தார். தந்தையற்ற வீட்டில் ஒரு நாள் ஒரு துண்டு மீனுக்காகத் தாயுடன் பிணங்கிக்கொண்டு சிறுவன் ராதா வெளியேறினார் என்பது அவரே சொன்ன செய்தி. போன இடம் நாடகக் கம்பெனி.

அக்காலத்து பாய்ஸ் கம்பெனிகள் இன்றைய இளைஞர்கள் அறியாதவை. ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே சேர்த்துக்கொள்வார்கள். சோறு உண்டு, துணி உண்டு, பாடமும் உண்டு, அடியும் உண்டு. பாட்டையும் வசனத்தையும் மனப்பாடம் செய்யாத பிள்ளைக்கு வாத்தியாரின் பிரம்பு காத்திருக்கும். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, இரவெல்லாம் நடித்து, பகலில் ஒத்திகை பார்க்கும் வாழ்க்கை அது. ஜெகந்நாதய்யர் கம்பெனி முதலியவற்றில் ராதா பயின்றது இவ்வாறுதான். ஏட்டுக் கல்வி அவருக்கு மிகக் குறைவு. ஆனால் மனிதர் எதற்குச் சிரிப்பர், எதற்கு அஞ்சுவர், எந்தச் சொல்லுக்கு நிமிர்ந்து உட்காருவர் என்பதைக் கொட்டகையில் கற்றார்.

1937இல் ‘ராஜசேகரன்’ என்ற படத்தில் நடித்துத் திரையுலகில் நுழைந்தார். பின்னர் அத்துறையை விட்டு மீண்டும் நாடகத்திற்கே வந்தார். ‘இழந்த காதல்’ நாடகத்தில் அவர் ஏற்ற வேடம் அவருக்குப் பெரும்பெயர் தந்தது. தந்தை பெரியாரின் கொள்கையில் ஊன்றிய பின், அவருடைய நாடகமே வேறாயிற்று. கலைஞர் மு. கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’யை ராதா நடித்தார், ‘கலைஞர்’ என்ற அடைமொழியை அவருக்கு வழங்கியவரும் ராதாவே. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக் கண்ணீர்’ ஊர் ஊராக எண்ணற்ற முறை மேடையேறியது. 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாகவும் வந்தது.

அக்கதையை நம் கண்ணோட்டத்தில் சற்றே பார்ப்போம். வெளிநாடு சென்று திரும்பிய செல்வன் மோகனசுந்தரம் தாயை மதிக்கவில்லை, மனைவியை ஒதுக்கினான், ஏழைகளை ஏளனம் செய்தான். பிறகு தொழுநோய் கண்டு, எவரும் அருகில் வர அஞ்சும் நிலைக்கு ஆளானான். ‘தள்ளி நில்’ என்று சொல்லப்படுவது என்ன என்பதை அந்தச் செல்வன் அன்று அறிந்தான். பிறந்த நாள் முதல் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த மக்கள் கொட்டகையில் அக்காட்சியைக் கண்டபோது, அவர்கள் மனத்தில் என்ன எழுந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். முடிவில் தன் மனைவிக்குத் தானே மறுமணம் செய்து வைக்கிறான். பெண்ணைப் பூட்டி வைத்த சமுதாயத்தின் முகத்தில் அறைந்த முடிவு அது.

எனினும் அந்நாடகத்தில் ஒரு குறையும் உண்டு. நோயைப் பாவத்தின் தண்டனையாகக் காட்டுகிறது அது. தொழுநோய் கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. தீட்டு என்னும் சொல்லால் அடிபட்ட நாம், நோயாளி மீது அதே சொல் வீசப்படுவதை ஏற்கலாகாது. நாம் போற்றுகின்றவரின் படைப்பையும் எடைபோட்டே ஏற்க வேண்டும். கல்வி என்பது அதுதானே?

ராதாவின் மேடைக்கு எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. கல்லெறிந்தனர், கலகம் செய்தனர். மனம் புண்படும் என்று கருதுவோர் வரவேண்டா என்று முன்னறிவிப்புச் செய்துவிட்டே அவர் நாடகம் நடத்தினார். இராமாயணத்தைப் பகுத்தறிவு நோக்கில் அவர் மேடையேற்றியபோது அரசு தடை விதித்தது. 1876இல் வெள்ளையர் செய்த நாடகச் சட்டம் போதாதென்று, 1954இல் சென்னை மாநிலத்தில் புதிய நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஒன்றும் வந்தது. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013ஆம் ஆண்டில்! ஒரு நடிகரின் நாவுக்கு அஞ்சி இயற்றிய சட்டம், அவர் மறைந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. சொல்லுக்கு அத்துணை வலிமை உண்டு.

இத்தகையவர்தாம் 12-1-1967 அன்று மாலை, இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் எம்.ஜி.ஆரைச் சுட்டார். திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவருடன் பேசச் சென்ற இடத்தில் இது நிகழ்ந்தது. குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயத்துடனே மருத்துவமனை சேர்ந்தார். எம்.ஜி.ஆரே தம்மைச் சுட்டார் என்பது ராதா தரப்பு வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1967 நவம்பரில் ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. மேல்முறையீட்டில் அத்தண்டனை குறைந்தது.

இங்கே நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. எம்.ஜி.ஆரும் வறுமையால் சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனிக்குச் சென்ற பிள்ளை. தந்தையை இழந்த இரு சிறுவர்கள், ஒரே வகைக் கொட்டகையில் வளர்ந்து, பல படங்களில் ஒன்றாக நடித்து, கடைசியில் ஒரே அறையில் குருதி சிந்தினர். குண்டு பாய்ந்தவருக்கு உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. நடிகனுக்குக் குரல்தான் சொத்து. சொல்லின் வலிமையால் உயர்ந்த ஒருவர், மற்றொரு நடிகரின் குரலைக் குண்டினால் சிதைத்தார் என்பதைவிட வருந்தத்தக்கது என்ன?

அதனால் ஏதேனும் கொள்கை வென்றதா? அடுத்த மாதமே நடந்த தேர்தலில், மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். கட்டுப்போட்ட கழுத்துடன் அவர் இருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. சிதைந்த அந்தக் குரலோடுதான் அவர் 1973இல் நம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தார். அவருடைய கட்சி முதல் வெற்றியை இந்த மண்ணிலேயே கண்டது. 1977இல் முதலமைச்சரும் ஆனார். இழப்பெல்லாம் ராதாவின் மேடைக்கே. சில ஆண்டுச் சிறைவாசத்திற்குப் பின் மீண்டும் நாடகம் நடத்தினார். 1979 செப்டம்பர் 17 அன்று, பெரியார் பிறந்த அதே தேதியில், மறைந்தார். அவர் கூறியவற்றை எழுத்தாளர் விந்தன் நூலாக்கியதால், அவருடைய இளமைக் காலம் நமக்குத் தெரியவந்தது.

உலக வரலாற்றில் துப்பாக்கி ஏந்திய இன்னொரு நடிகனையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவன் பெயர் ஜான் வில்க்ஸ் பூத். 1838இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தான். தந்தை ஜூனியஸ் புரூட்டஸ் பூத் புகழ்பெற்ற ஷேக்ஸ்பியர் நடிகர். அண்ணன் எட்வின் அவரினும் புகழ் பெற்றவர். ஜான் 1855இல் முதன்முறை மேடையேறினான். ரிச்மண்ட் நகர நாடகக் குழுவில் பயின்று, அழகாலும் வேகத்தாலும் பெயர் பெற்றான். அடிமைகளை விடுவிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனை 1859இல் தூக்கிலிட்டபோது, அதைக் காண்பதற்காகவே படைப்பிரிவு ஒன்றின் சீருடை அணிந்து சென்றான். 1864 நவம்பரில் நியூயார்க்கில் அண்ணன் தம்பி மூவரும் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் சேர்ந்து நடித்தனர்.

ராதாவையும் பூத்தையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. ராதாவின் மேடை தாழ்த்தப்பட்டோரின் பக்கம் நின்றது. பூத்தின் நெஞ்சமோ அடிமை முறையின் பக்கம் நின்றது. ராதாவின் குண்டு கொல்லவில்லை; பூத்தின் குண்டு கொன்றது. ஆனால் பூத் சுட்டதன் காரணத்தை நம் இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். 11-4-1865 அன்று குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஓர் உரை ஆற்றினார். கறுப்பின மக்களில் சிலருக்கேனும் வாக்குரிமை வேண்டும் என்று அதில் கூறினார். கூட்டத்தில் பூத்தும் நின்று கேட்டான். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் நகர நாடக அரங்கில் லிங்கனைச் சுட்டான். அவன் நன்கறிந்த நகைச்சுவை நாடகம் அது. எந்த வசனத்திற்கு அரங்கு அதிரச் சிரிக்கும் என்று தெரிந்து, அந்தச் சிரிப்பொலியிலே சுட்டான். மறுநாள் காலை லிங்கன் உயிர் துறந்தார். பன்னிரண்டு நாளில் பூத்தும் சுட்டுக் கொல்லப்பட்டான்.

கொன்றதால் அவன் நினைத்தது நடந்ததா? அதே ஆண்டு டிசம்பரில் அடிமை முறை அரசியல் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. 1870இல் இன வேறுபாட்டால் வாக்குரிமையை மறுக்கலாகாது என்ற திருத்தமும் வந்தது. அவ்வுரிமை நடைமுறைக்கு வர இன்னும் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது என்பது வேறு. அமெரிக்காவில் அடிமைகளை விடுவித்த நன்மக்களுக்குத்தான் மகாத்மா சோதிராவ் பூலே தம் ‘குலாம்கிரி’ நூலை 1873இல் காணிக்கையாக்கினார். லிங்கன் சுடப்பட்ட அதே ஏப்ரல் 14ஆம் தேதியில், 1891இல், நம் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார்.

வாக்குரிமைக்கு அஞ்சிக் கொலை செய்யும் வழக்கம் அயல்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நமக்கு அண்மையில், மதுரை மாவட்டம் மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் உடனிருந்தோரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றனர். அதற்கு முன் 1968இல் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்களைத் தீயிட்டனர். இவற்றைப் படிக்கும் இளைஞனுக்குக் கோபம் வராவிட்டால் அவன் கற்றது வீண். அந்தக் கோபத்தை எங்கே கொண்டு செலுத்துவது என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

அண்ணல் அம்பேத்கர் 25-11-1949 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், குருதி சிந்தும் வழிகளை நாம் கைவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். அவரைவிட அவமானம் பொறுத்தவர் எவர்? கோபம் அற்றவராய் அவர் அதைச் சொல்லவில்லை. அரசியல் சட்டம் தந்த வழி திறந்திருக்கையில் அதன் வழியே செல்ல வேண்டும் என்ற தெளிவினால் சொன்னார். துப்பாக்கியும் அரிவாளும் எப்போதும் மேல்தட்டில் இருப்பவனுக்கே மிகுதியாகக் கிடைக்கும். நமக்கு மிகுதியாகக் கிடைக்கக்கூடியவை வாக்கும், எழுத்தும், பேச்சும், கூட்டும். ராதாவின் வாழ்வே இதற்குச் சான்று. அவர் வாயைத் திறந்தபோது அரசு சட்டம் செய்ய நேர்ந்தது. அவர் துப்பாக்கியை எடுத்தபோது அரசுக்கு ஒரு சிறைக்கதவு போதுமானதாயிற்று.

ஆகவே இவ்வெள்ளிவிழாவில் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளோடு நாடகப் பயிற்சியும் சேர்தல் வேண்டும். பறையும் கூத்தும் நம் முன்னோர் கைவிடாது காத்த கலைகள். அவை நம் பிள்ளைகளுக்கு அந்நியமல்ல. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்த கதையை, சுடுகாட்டிற்குப் பாதை மறுத்த கதையை, முதல் பட்டம் வாங்கிய பெண்ணின் கதையை அவர்களே எழுதட்டும், அவர்களே நடிக்கட்டும். பாய்ஸ் கம்பெனியின் பிரம்பு வேண்டா. அதன் உழைப்பு வேண்டும். பெண்பிள்ளைகளும் மேடையில் சரிபாதி நிற்றல் வேண்டும். ஆண்டுக்கொரு நாடகமேனும் சிற்றூர் ஒன்றில், எல்லாத் தெருவினரும் வந்து அமரக்கூடிய பொதுத் திடலில் நடைபெறுதல் வேண்டும். அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதும், மறுத்தால் முறையீடு செய்வதுங்கூட ஒரு கல்வியே.